சான் காசியானோவுக்குக் கொண்டுபோன சரக்கு

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ஓக்லாந்தில் விமானம் கிளம்பியது. ஆடி மாதத்து மழை. என் பெட்டியில் உடுப்பைவிடச் சரக்குத்தூள்தான் கூட. மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் கிளென் ஈடன் வீட்டுக் குசினியில் வறுத்து இடித்தது. வறுத்த புகையில் கூரையிலிருந்த அலாரம் இரண்டு தரம் கத்தியது. "சுங்கத்தில உன்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப்போறாங்கள்" என்றார் என் கணவர். முழங்கால் ஆப்பரேசன் முடிந்து கட்டிலில் கிடந்த மனிசன், வாய்க்கு மட்டும் ஆப்பரேசன் இல்லை.

மகள் நிரோஷிக்கு இன்னும் இரண்டு கிழமையில் முதற்பிள்ளை. எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்குக் காய்ச்சிக் கொடுப்பது தாயின் வேலை. மகள் அர்ஜென்டினாவில் இருந்தால் தாயும் அங்கேதான் போகவேண்டும். குழந்தைக்கு ஒரு சட்டைகூட நான் வாங்கவில்லை. பிறக்க முன்னம் பிள்ளைக்குச் சாமான் வாங்கக்கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

நிரோ எப்படி அங்கே போனாள் என்று கேட்பீர்கள். விவசாயம் படித்துவிட்டு வைக்காட்டோவில் ஒரு பால்பண்ணையில் வேலை செய்தாள். விடுமுறை வேலை விசாவில் அங்கே மாடு கறக்க வந்தவன் டேரியோ. விசா முடிந்து அவன் தன் ஊருக்குத் திரும்ப, இவளும் அவனைக் கலியாணம் கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். நான் ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பதினொரு மணித்தியாலம் பறந்து சந்தியாகோவில் இறங்கினால் அங்கே அதே வியாழன், மத்தியானம் ஒரு மணி. புறப்பட்ட நேரத்துக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டேன். திகதிக்கோட்டைத் தாண்டினால் அப்படித்தானாம். அங்கிருந்து இன்னொரு விமானத்தில் இரண்டு மணித்தியாலம், புவெனஸ் ஐரெஸ். சுங்கத்து மனிசன் தூள் பையைத் திறந்து மணந்து, பெரிதாய்த் தும்மி, கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டான். டேரியோவுக்குப் போன் எடுத்தேன். "வாங்கோ அம்மா, சனி காலமை போசாதாஸுக்கு நான் வருவன்" என்று மட்டும் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது மாட்டுக்கொட்டில் இங்கிலீஷ். அதை நான் தமிழில் எழுதுகிறேன். நிரோவிடம் கொடு என்றேன். நித்திரை என்றான்.

அன்றிரவு ஒரு விடுதியில் தங்கி, வெள்ளி பின்னேரம் ரெத்தீரோ நிலையத்தில் பஸ் ஏறினேன். போசாதாஸ் வரை ஆயிரம் கிலோமீட்டர், எழுபதாயிரம் பெசோ; நான் போன மாதத்தில் எங்கள் காசுக்கு நூறு டொலர் வரும். சீட் கட்டில்போல் சாயும். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி. பாஷை இல்லை. வயிற்றைத் தடவி, கையில் ஏந்தி ஆட்டிக் காட்டினேன். அவளுக்கு உடனே விளங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தன் பையிலிருந்து சீஸ் போட்ட சின்ன ரொட்டி எடுத்துத் தந்தாள். பிறகு மாத்தே குடிக்கத் தந்தாள். அது ஒரு கசப்பு இலைச்சாயம். ஒரே கிண்ணம், ஒரே வெள்ளிக் குழாய், எல்லோரும் அதிலேயே உறிஞ்சவேண்டும். எச்சில் என்றால் எனக்கு உயிர் போகும். பேரப்பிள்ளையின் பெயரால் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினேன்.

சனி காலை போசாதாஸில் தூறல். டேரியோ பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றான். சவரம் செய்யாத முகம். என் பெட்டியை வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, பேபி வந்தான், உயிரில்லாமல் வந்தான்" என்றான்.

எப்போது என்று கேட்டேன். வியாழக்கிழமை காலை. நான் கடலுக்கு மேல் கோழிச்சோறு தின்றுகொண்டிருந்த நேரம். எங்கே பிள்ளை என்றேன். நேற்றே அடக்கியாயிற்று என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். வியாழக்கிழமையை எனக்கு இரண்டு தரம் தந்தார்கள். என் பேரனுக்கு ஒரு தரம்கூடக் கொடுக்கவில்லை.

போசாதாஸிலிருந்து ஓபெரா தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், அதற்கப்பால் சான் காசியானோ நாற்பது. கடைசிப் பதினைந்தும் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் மாத்தே இலைச் செடி, இடுப்புயரம், வரிசை வரிசையாய், நடுவில் மரவள்ளி. ஊர் என்றால் ஒரு கோயில், பெட்ரோல் செட், இலை உலர்த்தும் கொட்டகை ஒன்று, நாய்கள். கொட்டகைப் புகை மழையில் மேலே போகாமல் வீட்டுக் கூரைகளோடு படுத்துக் கிடந்தது. இந்தக் காட்டுக்கா என் பிள்ளை வந்தாள் என்று நெஞ்சு எரிந்தது. நிரோவைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று வண்டிக்குள்ளேயே முடிவெடுத்துவிட்டேன்.

வாசலில் டேரியோவின் தாய் எல்வா நின்றாள். குள்ளம், கல்லுப்போன்ற முகம். உள்ளே நிரோ கட்டிலில் இருந்தாள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவீட்டுக்குப் போனால் கட்டிப்பிடித்துக் குரல்விட்டு அழுவோம், நாங்கள் கத்தோலிக்கரானாலும் அதில் குறை வைப்பதில்லை. "என்ரை ராசாத்தி" என்று நான் தொடங்க, எல்வா என் தோளைப் பிடித்து இழுத்தாள். மடமடவென்று ஏதோ சொன்னாள்.

"அழக்கூடாதாம், அம்மா" என்றான் டேரியோ. "சின்னப் பிள்ளை செத்தால் சம்மனசு, தேவதூதன். நாங்கள் அழுதால் செட்டை நனைஞ்சு போகும், பிறகு பறக்கேலாது. எங்கடை ஊரில அப்பிடித்தான்."

"என்ரை பிள்ளைக்கு முன்னால நான் அழக்கூடாதெண்டு சொல்ல இவ ஆர்?" என்றேன். அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

நிரோ என்னைப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே அம்மா. ஐ'ம் ஓகே." கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாய்க் கிடந்தது. காய்ச்சலும் இருந்தது. எல்வா குளிர்ந்த கோவா, அதுதான் முட்டைக்கோஸ், இலையை ஒவ்வொன்றாய்க் கசக்கி அவள் நெஞ்சில் வைத்துக் கட்டினாள். ஊரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவோம். அந்த மழைக்குள் மல்லிகைக்கு நான் எங்கே போவது? மனிசியின் கைப்பக்குவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை விறகடுப்பை நான் பிடித்தேன். குஞ்சுக்கோழி ஒன்று வாங்கி, உள்ளி நிறையப் போட்டு, எண்ணெய் விடாமல் சரக்குக்கறி வைத்தேன். மிளகும் திப்பிலியும் வீடு முழுக்க மணத்தது. எல்வா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கோப்பையைக் கொண்டுபோய் நிரோவுக்கு முன்னால் வைத்தேன்.

"வொய், அம்மா? தேர்ஸ் நோ பேபி" என்றாள்.

"பிள்ளை இல்லாட்டிலும் பெத்த உடம்பு பெத்த உடம்புதான். சாப்பிடு."

கோப்பையை இழுத்து மடியில் வைத்தாள். பிறகு சாப்பிட்டாள். முழுக்கச் சாப்பிட்டாள். எல்வா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, சட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள். அடுத்த நாள் கோழியை அவளே உரித்து வைத்திருந்தாள்.

கிழமை முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆரஞ்சுத் தோடை இலை போட்டு அவித்த தண்ணீரில் நிரோவைக் குளிக்க வார்த்தேன். டேரியோ மாடு கறந்தான், வேலி பார்த்தான், இருட்டினதும் ஒரு மூலையில் இருந்து மாத்தே குடித்தான். யாரும் குழந்தையின் பெயரை எடுக்கவில்லை. மத்தேயோ என்று வைத்திருந்தார்களாம். செவ்வாய்க்கிழமை என் எண்ணத்தைச் சொன்னேன். "என்னோட வா பிள்ளை. உன்ரை அறை அப்பிடியே கிடக்கு. கொஞ்ச நாள் இருந்து தேறு. பிறகு இவனையும் கூப்பிடு."

"ஐ'ல் திங்க் அபவுட் இட்" என்றாள். எனக்கு அதுவே போதும். அன்றிரவு கணவருக்குப் போன் எடுத்து, அவள் அறைக்குள் போட்டு வைத்திருக்கும் அரிசிச் சாக்குகளை யாரையாவது பிடித்து வெளியே எடுப்பிக்கச் சொன்னேன்.

வியாழன் காலை விறகு எடுக்கக் கொட்டிலின் பின்பக்கம் போனேன். எல்வா அங்கே பலகைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். துவாய்த் துண்டை வாய்க்குள் அடைத்து வைத்திருந்தாள். உடம்பு முழுக்கக் குலுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. என்னைக் கண்டதும் துண்டை உருவி, வீட்டுப் பக்கம் விரலை நீட்டி, பிறகு உதட்டில் வைத்தாள். நிரோவுக்குச் சொல்லிவிடாதே என்கிறாள். மழை பெய்யும்போதெல்லாம் இவள் எழும்பி வந்து இங்கேதான் நின்றிருக்கிறாள். மாட்டுக்குத் தவிடு வைக்கப் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் கிட்டப் போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் தன் பாஷையில் என்னவோ சொன்னாள், நான் என் பாஷையில் சொன்னேன். மாடுகள் பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டு கிழவிகளும் செட்டையை நனைத்தோம், வேறென்ன.

சனிக்கிழமை நான் புறப்படும் நாள்; நிரோவையும் கூட்டிப்போகலாம் என்று டிக்கெட்டை முன்னுக்கு மாற்றியிருந்தேன். காலையில் நிரோ தானாகவே எழும்பி, "சேமக்காலைக்குப் போவம்" என்றாள். கல்லறைத்தோட்டத்துக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. அவள் வாயில் அதை நான் கேட்டதே இல்லை. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மழைக்குள் நடந்தோம், செம்மண் சேறு கணுக்கால்வரை வந்தது. ஓரத்தில் ஒரு முழ நீளத்தில் சின்ன மேடு, வெள்ளை அடித்த மரச்சிலுவை, அதன்மேல் சுற்றி எல்வா பின்னிய வெள்ளைத் துணி. நான் குந்தியிருந்து மண்ணில் கையை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது.

"அம்மா, நான் வரேல்லை" என்றாள் நிரோ.

தமிழில் சொன்னாள். எனக்கு முதலில் அதுதான் உறைத்தது, சொன்ன விசயம் பிறகுதான்.

"ஏன் பிள்ளை?"

"இவன் வயித்துக்குள்ள இருக்கேக்கை நான் தமிழிலதான் கதைச்சனான். ஒவ்வொரு நாளும். மாடு கறக்கேக்கை, சமைக்கேக்கை. எனக்குத் தெரிஞ்ச தமிழ் முழுக்க." வார்த்தை வார்த்தையாய்த் தேடிச் சொன்னாள். "டேரியோ அவனோட ஸ்பானிஷில கதைப்பான். எல்வாவும் கதைப்பா. நான் போனா, அவனோட தமிழ் கதைக்க இங்கை ஆர் இருக்கினம்?"

பிறந்ததிலிருந்து நான் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொன்ன பிள்ளை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அவள் வயிற்றுப் பிள்ளை இந்த மண்ணுக்குள் இருக்கிறது, என் வயிற்றுப் பிள்ளையை நான் எப்படி இழுத்துக்கொண்டு போவது? அவளைக் கட்டிப்பிடித்தேன். அப்போதுதான் அழுதாள். ஊர் வழக்கம், செட்டை, ஒன்றையும் பாராமல் எங்கள் ஊர்ப் பெண்போலக் குரல்விட்டு அழுதாள். எல்வா பின்னாலேயே வந்து சேமக்காலைப் படலையடியில் குடையோடு நின்றாள். தடுக்கவில்லை.

பின்னேரம் டேரியோ என்னைப் போசாதாஸில் பஸ் ஏற்றிவிட்டான். அதே ஆயிரம் கிலோமீட்டர், பிறகு இரண்டு விமானம். வரும்போது திகதிக்கோடு ஒரு முழு நாளைப் பிடுங்கிக்கொண்டது. எந்த நாள் போனது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓக்லாந்தில் விடியற்காலை, அதே மழை. எங்கள் நாட்டு விமான நிலையத்தில் மண்ணுக்கும் விதைக்கும் எவ்வளவு காவல் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வந்திறங்கும்போது நிரப்பும் படிவத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்டிருந்தது, ஓம் என்று போட்டேன். ஒரு இளம் அதிகாரி என்னை ஓரமாய்க் கூப்பிட்டுச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். நல்ல பெடியன், அன்ரி என்றுதான் கதைத்தார்.

"என்ன சிவப்பு! எந்த ஊர் மண் இது?"

"அர்ஜென்டினா. பேரன் அங்கே இருக்கிறான்."

"ஆ, எத்தனை வயது?"

"சின்னப் பிள்ளை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு சப்பாத்தை உள்ளே கொண்டுபோனார். நான் கால்மேசோடு வாங்குப் பலகையில் இருந்தேன். உள்ளே தண்ணீர் திறந்துவிட்ட சத்தமும் தூரிகை தேய்க்கிற சத்தமும் கேட்டன. அந்த மண்ணில கொஞ்சம் விடுங்கோ தம்பி என்று கேட்க வாய்வரை வந்தது. எப்படிக் கேட்பது? எந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது? திரும்பி வந்து இரண்டு சப்பாத்தையும் என் காலடியில் வைத்தார். அடிப்பள்ளங்களில்கூட ஒரு துகள் விடாமல் கழுவியிருந்தார். "இப்ப சுத்தம் அன்ரி, நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு, ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.