ஆறு குடம் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் சாலையில், ஒரு வளைவை ஒட்டி எங்கள் இட்லிக் கடை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அந்த வளைவில் ஊர்ந்துதான் திரும்பும். மூடி வைத்த பாத்திரத்துக்குள்ளும் வெள்ளைத் தூசி இறங்கிவிடும். அதனால் கடை திறந்ததும் முன்னால் இருக்கும் சாலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவேன். இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அன்றைக்கு லாரிகளை நிறுத்திவிட்டார்கள். பெரம்பலூரில் கிளம்பிக் கடற்கரை வரைக்கும் போகும் சைக்கிள் பந்தயம் எங்கள் வழியாக வருகிறது, பெரிய பெரிய வீரர்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைத் தூசிக்காடு என்று சொல்லிவிடக் கூடாதே! வழக்கமான இரண்டு குடத்தோடு இன்னும் நாலு குடம் கொண்டுவந்து எங்கள் கடைப் பக்கத்து வளைவு முழுக்க ஊற்றினேன். பெருமை வேறு. "கல்லுத்தூளு நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும்" என்று லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை.

முதலில் ஒரு ஜீப் போனது. பின்னாலேயே சர்ரென்று சைக்கிள்கள். காலி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கையை ஆட்டினேன். முன்னால் போன நாலைந்து பேர் எதிர்ப்பக்கத்துக் காய்ந்த ஓரமாக வளைந்து போய்விட்டார்கள். அடுத்து வந்த பிள்ளை அவர்களை முந்துவதற்காக எங்கள் கடை ஓரமாக வந்தது. சக்கரம் அப்படியே வழுக்கிப் போய், தோள்பட்டை தரையில் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

குடத்தைப் பெஞ்சோரம் வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். இருபத்திரண்டு வயதிருக்கும். உடம்பின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைச் சேறு. கையைத் தூக்க முடியவில்லை. கழுத்துக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வாய் குடித்துவிட்டு, "கடலுக்கு இன்னும் எவ்ளோ தூரங்க்கா?" என்று கேட்டது. நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. "பக்கந்தான் தம்பி" என்றேன்.

பின்னால் வந்த வேனிலிருந்து குதித்த பயிற்சியாளர், தோளைக்கூடப் பார்க்காமல் கத்த ஆரம்பித்தார். "வளைவுல பிரேக் புடிக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனேடா! இந்த ரேஸ வச்சுத்தான கவர்மென்ட் வேலையே! எல்லாம் போச்சு!"

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, "என் தப்புதான் சார். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் பயந்து புடிச்சிட்டேன்" என்றது.

ரோடு நல்லாத்தான் இருந்ததாம்! நான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. அடிப்பார்களோ, போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயம். காலி குடத்தை மெதுவாகக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, தண்ணீர் கொடுத்ததற்காக அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அதற்குப் பதில் நான் அங்கேயே செத்திருக்கலாம் போலிருந்தது.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாரும் பாக்கலல்ல? வுடு" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேர் தெரியாது, ஊர் தெரியாது. அந்த வேலை கிடைத்ததா, கை சரியானதா, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு நான் சாலையில் தண்ணீர் ஊற்றுவதில்லை. "இட்லியில தூசி வுழுதுங்க்கா" என்று சாப்பிட வருகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இன்னொரு பொய் சொல்கிறேன். நான் சொல்லியிருக்க வேண்டிய "என் தப்புதான்" என்ற வார்த்தையை, எலும்பு முறிந்து கிடந்த அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுப் போனது. எங்கே இருந்தாலும் அது இன்னமும் தன் தப்பென்றே நம்பிக்கொண்டுதான் இருக்கும்.