மிலிட்டரி கஜபதியின் குத்தூசி

எங்கள் அக்கா மனோரமாவின் புருஷன் கஜபதியை நான் பாவா என்பேன். திருத்தணியில் எங்கள் தெரு அவரை மிலிட்டரி என்று கூப்பிடும். பட்டாளத்தில் இருபத்தோரு வருஷம் இருந்தது உண்மை. பனிமலையில் காவல் நின்றேன், குண்டு காதோரமாகப் போயிற்று என்பதெல்லாம் சுத்தப் புளுகு. பாவாவுக்கு அங்கே பூட்ஸ் தைக்கிற வேலை. உரிந்த முனையைத் தேய்த்து, அடியில் பிரிந்த சோல் தோலைத் தைத்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுப்பார். அதைச் சொன்னால் ஊர் எந்தக் கண்ணோடு பார்க்குமோ என்று பயம். ஓய்வு பெற்று வந்ததும் குத்தூசியையும் மெழுகு நூலையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அக்காவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகையும் சுதந்திர தினமும் ஒட்டி வந்தன. எதிர்வீட்டு சினேகாதான் பள்ளியின் என்.சி.சி. அணியை முன்னால் நின்று நடத்த வேண்டியவள். அதற்காக ஆறு மாதம் விடிகாலையில் எழுந்து ஓடியவள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் ஒரு ஜோடி பட்டாள பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீனியர் பெண் ஒருத்தி போட்டுப் பழசானது. முனையெல்லாம் சிராய்ப்பு, வலது சோல் வாயைப் பிளந்திருந்தது.

"தாத்தா, நீங்க வருசக்கணக்கா பூட்ஸ் போட்டுகினு இருந்தவரு. இத இன்னா பண்றதுன்னு சொல்லுங்களேன்."

பாவாவின் விரல் தானாகப் போய் அந்தப் பிளவைத் தடவிப் பார்த்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? ஸ்டேஷன்கிட்ட தைக்கிறவரு கீறாரு, அங்க குடு."

ஸ்டேஷன் பக்கம் காவடிக் கூட்டம். தைக்கிறவருக்கு மூச்சு விட நேரமில்லை. சொல்யூஷன் தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டார். சினேகா திரும்பி வந்து காட்டினாள். பழைய பசையைச் சுரண்டாமல் ஒட்டினால் நிற்காது என்பது பாவாவுக்குத் தெரியாதா?

"நல்லா கீதும்மா" என்றார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா புருஷன் பூட்ஸ் தைத்தவர் என்று என் ஆபீஸில் தெரிந்தால் என்ன ஆவது என்று எனக்கும் வெட்கந்தான்.

மறுநாள் மெடல் குத்திய சட்டையோடு பாவா மேடையில் சிறப்பு விருந்தினர். சினேகா கம்பீரமாக வந்தாள். மேடைக்கு நேராகத் தலையைத் திருப்பி சல்யூட் அடித்தபோது சோல் கழன்று மடங்கியது. குப்புற விழுந்தாள். பின்னால் வந்த வரிசை குலைந்தது. மைதானமே கொல்லென்று சிரித்தது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். பாவா இறங்கிப் போனார், நானும் பின்னாலேயே போனேன். அவர் மண்ணில் குந்தி பூட்ஸைக் கையில் எடுத்தார். அவள் பதறிப் பிடுங்கினாள்.

"ஐயோ, வுடுங்க தாத்தா. துப்பாக்கி புடிச்ச கையால இதப் போயி தொட்டுகினு..."

பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"துப்பாக்கி இல்லம்மா. இருவத்தோரு வருசமா இந்தக் கை புடிச்சது குத்தூசிதான். அங்க எனக்கு பூட்ஸ் தைக்கிற வேல."

சினேகா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் இத்தனை வருஷம் பயந்த ஏளனம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"அப்ப நேத்து ஏன் தாத்தா தெரியாதுன்னு சொன்னீங்க?"

பாவா என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.