குராசோவின் சின்ன நட்சத்திரம்

இன்னிக்குப் பெருமாநல்லூர் பிரிண்டிங் பட்டறையில கத்தின கத்துல எனக்குத் தொண்டையே போச்சு.

நான் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்; ஆர்டரை முடிச்சு அனுப்பற வரைக்கும் என் பொறுப்பு. கைல இருக்கிறது குராசோ ஃபுட்பால் ரசிகர்களுக்கான டி-ஷர்ட் ஆர்டர். கரீபியன் தீவு. நம்ம திருப்பூரைவிட ஜனம் கம்மி. முன்னெல்லாம் தகுதிச் சுற்றுலயே தோத்துத் தோத்து வெளியேறின டீம், இந்தத் தடவை கடைசி மேட்ச்ல ஜமைக்காவை அவங்க மண்ணுலயே கோல் போடவிடாம டிரா பண்ணி, முதல்முறையா உலகக் கோப்பைக்குள்ள நுழைஞ்சிருக்கு. இவ்வளவு சின்ன நாடு இதுக்கு முன்னாடி அங்க வந்ததே இல்ல.

அவங்க கொடியில ரெண்டு நட்சத்திரம். பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. நெஞ்சுல குட்டியா அந்தக் கொடியை அடிக்கணும்.

அடிச்சு வெச்ச அத்தனை பீஸ்லயும் ஒத்தை நட்சத்திரம்!

"சின்னது எங்கீங்க?"

பட்டறை ஓனர் அசரவே இல்ல. "அதுங்களா? அச்சடிக்கிற ஸ்க்ரீன்ல மை ஒழுகற ஓட்டைன்னு நெனச்சு அடைச்சுப்போட்டனுங்க."

"சாம்பிள் உங்க தலைக்கு மேலதான தொங்குது? அண்ணாந்து பாக்க மாட்டீங்களா?"

"ஏனுங்க, இத்துனூண்டு நாட்டுக்கு ஒரு ஸ்டார் போதாதுங்களா?"

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறிடுச்சு. "நம்ம நாட்டுக் கொடின்னா இப்படி அடிப்பீங்களா?"

"அதெப்படீங்க? நம்ம நாட்டுதுன்னா உயிரைக் குடுத்து அடிப்பனுங்க!"

"ஃபுட்பால் உலகக் கோப்பைக்கு நம்ம நாட்டு டி-ஷர்ட் எப்பவாச்சும் அடிச்சிருக்கீங்களா?"

ஸ்க்ரீனைத் தூக்கிட்டு, அடைச்சதைக் கழுவி எடுக்கப் போயிட்டாரு.

குட்டி நாட்டு ஆர்டர் வெச்சிருக்கிற மக்களே, உங்க பட்டறையில எதை அடைச்சு வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.