வண்டி வீட்டைத் தாண்டுவதற்குள்

தள்ளுவண்டி ஸ்பீக்கருக்குக் குரல் கொடுக்கிற தொழிலில் தொண்டையைவிட அதிகம் தேய்வது பேனாதான். இதன் கடைசியில் ஒரு பெரிய மனிதர் அழகாக ஏமாறுகிறார், கண்டிப்பாகச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது இல்லை. "நல்லாத்தான் இருக்கு, இன்னொரு தரம் எழுதிக்கிட்டு வா" என்று யாரோ சொல்லக் கேட்டு முகம் சுருங்கிய என் இனத்தாரே, முதலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

நான் ஈஜிபுராவில் இருக்கிறேன், பி.யு.சி. இரண்டாம் வருஷம். பிரின்சிபாலிலிருந்து பஸ் கண்டக்டர் வரை யார் குரலையும் விடமாட்டேன், அப்படியே பேசிக் காட்டுவேன். எங்கள் கீழ்வீட்டு செல்வி அக்கா தள்ளுவண்டியில் கீரை விற்கிறார். தெருத் தெருவாகக் கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போய், இனி சத்தமே போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் ஏறுவதற்குள் விற்காத கீரை வாடிவிடும். வியாபாரம் படுத்தால் அக்கா மறுபடி டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குத்தான் போக வேண்டும். அங்கே சூப்பர்வைசரிடம் வாங்கிய ஏச்சு போதும் என்றுதான் வண்டியே வாங்கினார். ஒருநாள் மாடிக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "நாள் பூரா யார் மாதிரியாவது பேசிட்டே இருக்கியேடி, எனக்கும் ஒண்ணு பேசிக் குடேன், வண்டி ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன்."

வணக்கம்

உட்கார்ந்த வேகத்தில் ஒரு பக்கம் எழுதினேன். "ஈஜிபுரா வாழ் தாய்மார்களே, குடும்பத்தின் ஆரோக்கியத்தைத் தோளில் சுமக்கும் குலவிளக்குகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பம். மேடைப் பேச்சாளர் குரலில், கரகரப்போடு பதிவு செய்தேன். எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மனசில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது, எனக்கு.

மறுநாள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். ஒரு வீட்டு வாசலில் வணக்கம் கேட்டது. கீரை என்ற சொல் வருவதற்குள் வண்டி மூன்றாவது வீட்டைத் தாண்டியிருந்தது. வணக்கம் கேட்டவருக்குக் கீரை கேட்கவில்லை, கீரை கேட்டவருக்கு யார் விற்பது என்று தெரியவில்லை. முதல் மாடியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து அக்காவிடம் கேட்டார்: "எந்தக் கட்சிம்மா? எலெக்ஷன் இப்பதானே முடிஞ்சுது?"

எல்லாம் இருக்கு

குலவிளக்குகளை அணைத்துவிட்டுத் திருத்தி எழுதினேன். முதல் சொல்லே "சொப்பு". கீரைக்கு இந்தக் கன்னட ஊர்த் தெருக்களில் அதுதான் பெயர், தமிழ் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் பாலக், வெந்தயக் கீரை, தண்டுக் கீரை, சப்பசிகே எனும் சதகுப்பைக் கீரை என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அடுக்கினேன். கேட்க ஜோராக இருந்தது.

சந்தையில் சப்பசிகே கிடைக்காத நாளும் வந்தது. ஸ்பீக்கருக்கு அது தெரியாதே! "சப்பசிகே இருக்கு, சப்பசிகே இருக்கு" என்று அது பாட்டுக்குச் சத்தியம் செய்தது. வடைக்கு அரைத்து வைத்துவிட்டு ஓடிவந்த ஓர் அம்மா வண்டியை முழுக்கப் புரட்டினார். அக்காவுக்கோ பதிலுக்குக் குரலை உயர்த்த முடியாது, கையைத்தான் விரித்தார். அந்த அம்மா ஸ்பீக்கரைக் காட்டிச் சொன்னார்: "அப்போ இதைக் கழட்டிக் குடு, இதையே பொடியா நறுக்கிப் போட்டுக்கறேன்."

தினமும் உண்மையாக இருக்க முடியாத சொற்களை அன்று சாயங்காலம் அடித்தேன். பாதிக்குமேல் போய்விட்டது.

கூட்டம்

சின்னதாகிவிட்டதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மாமியார், மருமகள், நடுவில் மாட்டிக்கொண்ட மகன் என்று மூன்று குரலில் ஒரு கீரைச் சண்டை எழுதினேன். மூன்றும் நானே. மகன் அழுகிற இடத்தில் என் அம்மாவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தெருவே சிரித்தது. பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு "இன்னொரு தடவை போடுங்கக்கா" என்றன. கீரை வாங்க வந்தவர்களுக்கு வண்டியை நெருங்க வழியில்லை. வெயில் ஏறியது. நான் வெற்றி வீராங்கனை மாதிரி நிற்க, அக்கா துவண்டுபோன கட்டுகளைத் தண்ணீர் தெளித்து நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "கூட்டம் உன்னுதுடி. கீரை என்னுது. அது அப்படியே இருக்கு பாரு."

எனக்குப் பிடித்த மூன்று பேரையும் அன்றைக்கே அழித்தேன்.

பெரிய மனிதர்

அக்காவுக்குப் பாதி வியாபாரம் பக்கத்துப் பெரிய தெருவில். அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோபாலன் சார். வண்டி ஸ்பீக்கர்கள் தொல்லை தாங்கவில்லை, இனி எந்த வண்டியும் போடக் கூடாது என்று கேட்டில் நின்று எல்லோரிடமும் சொன்னார். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அக்கா அந்தத் தெருவில் ஊமை. அவர் திட்டுவதை நான் கவனித்துக் கேட்டேன். கோபத்திலும் நிதானம், வாக்கிய முடிவில் குரல் ஒரு படி இறங்கும். கேட்க நன்றாகவே இருந்தது.

அந்தக் குரலில் எழுதினேன். முதலில் அவருடைய கனைப்பு, வாக்கியத்துக்கு ஒரு "பாருங்க", மூக்கை உறிஞ்சுவது எல்லாம் இருந்தது. போட்டுக் காட்டியபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு வந்தால் மாட்டிக்கொள்வோம். கனைப்பை எடுத்தேன், "பாருங்க"வை எடுத்தேன், மூக்கை எடுத்தேன். எடுக்க எடுக்க அசலாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "சொப்பு வந்திருக்கு. இன்னிக்குப் பறிச்சது. வண்டி வாசல்லதான் நிக்குது. நிதானமா வாங்க."

சத்தத்தைக் குறைத்து வைத்துத் தெருவுக்குள் போனோம். கோபாலன் சார் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். முழுசாகக் கேட்டார். கண்ணை மூடி இன்னொரு சுற்றுக் கேட்டார். அக்கா வண்டிப் பிடியை விடவே இல்லை. பக்கத்து கேட்டில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கத் தெருக்கோடியைப் பார்த்தார்கள். அவர் சொன்னார்: "மத்ததெல்லாம் நிறுத்தணும், இது இருக்கட்டும். எவ்வளவு பண்பா பேசறார்! எழுதிவெச்சுப் படிக்கிற மாதிரியே இல்ல, அப்படியே மனசுலேர்ந்து வருது."

இதோ வரேன்

மைசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி திரும்பி வந்த மறுநாள் காலை. கோபாலன் சார் கேட்டில் காபி டம்ளரோடு நின்று எங்கள் ஸ்பீக்கரைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "நிதானமா வாங்க" என்றது ஸ்பீக்கர். உள்ளேயிருந்து அந்த அம்மாள் பதில் கொடுத்தார்: "இதோ வரேங்க, அடுப்பை அணைச்சிட்டு வர வேண்டாமா? இப்படியா தெருவுல நின்னு கூப்பிடுவாங்க!"

டம்ளர் பாதி வழியில் நின்றது. ஸ்பீக்கர் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. அவர் ஒரு வாய் காபி குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏம்மா, நான் எப்போ கீரை வித்தேன்? சரி, வித்தது வித்துட்டேன்... 'பறிச்சது'ன்னதும் உடனே 'வண்டி'ன்னு ஓடக் கூடாது, நான் அங்கே கொஞ்சம் நிறுத்துவேன், மாத்திக்கிட்டு நாளைக்கு வா."

ஆக, எழுதி முடித்தாயிற்று என்று நானாக நினைத்துக்கொள்ளலாம், தெரு ஒத்துக்கொள்ள வேண்டுமே.