மாஸ்டர் பக்கத்து பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு வாய் ஓயாது. "கண்ணாடியைப் பாருங்க, கிளட்சை மெதுவா விடுங்க" என்று நாள் முழுக்கப் பேசுவார். இந்த மனிதர்தான் போன வருடம் எட்டு மாதம், யாரோடும் பேசாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அறைக்குள் கிடந்தவர் என்றால் யார் நம்புவார்கள்? மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்ல வாய் திரும்பி வந்தது. பின்னாலேயே வேலையும் வந்தது. கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் மாஸ்டருக்கென்று தனி பிரேக்.

அப்போதுதான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். "எத்தனை நாளைக்குடா இந்த இங்கிலீஷ் மாத்திரையை முழுங்குவ? இது மூலிகை. மனசுக்கு நல்லது" என்று ஒரு டப்பா கேப்ஸ்யூலைக் கையில் திணித்தாள். செடிதானே, என்ன செய்துவிடப்போகிறது என்று மாஸ்டரும் மாத்திரையோடு அதையும் போட்டுக்கொண்டார். டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. இலை தழையையெல்லாமா போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது?

சில நாளில் கால் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. சும்மா ஆடினால் பரவாயில்லை, பிரேக்கின் மேல் அல்லவா ஆடியது! காலி மைதானத்தில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும், திடீரென்று குலுங்கி நிற்கும். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த மருந்துக்கடைக்காரம்மா பதறிப்போவார்.

"ஐயோ, மறுபடியும் என்ன தப்பு பண்ணேன் மாஸ்டர்?"

"கிளட்சை... கொஞ்சம் மெதுவா விடுங்கம்மா" என்பார் மாஸ்டர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. அபாண்டம்! ஆனால் உண்மையைச் சொன்னால் இந்த இருக்கை போய்விடும். மறுபடி அந்த அறை, அந்தப் போர்வை.

ஐந்தாவது முறை கார் நின்றபோது அந்தம்மா குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"நான் எதையும் தொடவே இல்ல மாஸ்டர். உங்க கால்தான் இப்படி உதறுது. என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

இனி மறைக்கத் தெம்பில்லை. மாத்திரையைச் சொன்னார். பையிலிருந்து அக்காவின் டப்பாவையும் எடுத்து நீட்டினார். அந்தம்மா லேபிளைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இதுல செயின்ட் ஜான்ஸ் வொர்ட்னு ஒரு மூலிகை இருக்கு. இதுவும் உங்க மாத்திரையும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஒரு வண்டியில ரெண்டு பேர் ஆக்சிலேட்டரை மிதிச்சா என்ன ஆகும்? அதான் இந்த உதறல், முத்தினா உயிருக்கே ஆபத்து. எழுந்திருங்க, இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

"அப்ப ரெண்டையும் நிறுத்திடுறேன்மா!"

"டப்பாவைத் தூக்கிப் போடுங்க. மாத்திரையை என்ன பண்றதுன்னு டாக்டர் சொல்லட்டும்."

காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் கூட்டிப்போனார். டாக்டர் இரண்டு நாள் படுக்கவைத்துப் பார்த்தார், நன்றாகத் திட்டினார். அக்காவுக்கும் பங்கு கிடைத்தது. உடம்பு தெளிந்த பிறகு, நிறுத்தி வைத்திருந்த மாத்திரையை அவரே மறுபடி ஆரம்பித்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து மாஸ்டர் தன் இருக்கைக்குத் திரும்பினார். அந்தம்மா மைதானத்தை நாலு சுற்று வந்தார். வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

"பாத்தீங்களா, நான் அப்பவே நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்!" என்று பெருமையாகத் திரும்பிய நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. கார் சட்டென்று நின்றது. நாய் ஒரு முறை முறைத்துவிட்டுத் தன் வழியே போனது.

"ஐயோ, இப்ப என்ன பண்ணேன் மாஸ்டர்?"

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். பிரேக்கின் மேல் அசையாமல் இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா" என்றார், வாயெல்லாம் பல்லாக. "இது நான் போட்டது!"