அந்த வீரனின் அம்மா

மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் மகளோடு உட்கார்ந்து ஒரு சூப்பர் ஹீரோ தொடரை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. "காமிக்ஸ்ல இப்படி இல்லம்மா, அங்க அவன் முகமூடி பச்சை" என்று நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்துகிறாள்.

என் அப்பாவும் இப்படித்தான் உயிரை வாங்குவார். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஆங்கிலம் தெரியாது. பழைய காமிக்ஸை விரித்து, ஒட்டுப்பால் நாறும் விரலால் ஒவ்வொரு படமாகத் தொட்டு, சொந்தமாகக் கதை சொல்வார். அதில் வீரனின் அம்மா சாகமாட்டாள்.

அதே வீரன் தோட்டத்து மண்டபத் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது, அவன் அம்மா தீக்குள் சிக்கினாள். அப்பா எழுந்துவிட்டார்.

"தப்பு தப்பா காட்டுறானுங்க! புத்தகத்துல அம்மா பொழைச்சிருவா!"

"ஒக்காருங்கண்ணே, மறைக்குதுலா!"

அவர் உட்காரவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் பெட்டிக்கும் பொறுப்பு; கோபத்தில் அதை அணைத்துவிட்டார். முடிவைப் பார்க்க முடியாத எல்லோரும் எங்களைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதை மகளிடம் சொன்னேன். மறுநாள் அந்தப் பழைய தொடரைக் கைப்பேசியில் தேடி எடுத்தாள். இந்த முறை எங்கேயும் நிறுத்தவில்லை. கடைசிக் காட்சியில் அந்த அம்மா உயிரோடு நடந்து வந்தாள்.