இடி இடித்தால் கழன்றுவிடும் ஹார்ட் டிஸ்க்

டிரைவர் எழுதுகிறவனை யாரும் பாராட்ட மாட்டார்கள். கணினி நின்றுபோன அன்றைக்குத்தான் அவனைத் தேடுவார்கள். வெளியே வைத்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேச்சு நடத்தும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். இலங்கை மலைநாட்டு ஹட்டனில் மூன்று மேசை போட்ட அலுவலகத்தில் அதை எழுதுவது என் பிழைப்பு. பாதி வேலையில் திரை நீலமாகிக் கணினி நின்றுபோய்க் கையைப் பிசைந்தவர்களே, உங்களுக்காகத்தான் இது.

முதல் இடி

லிந்துலையில் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வராஜ் அண்ணன் எங்கள் வாடிக்கையாளர்; அவருடைய ஹார்ட் டிஸ்க்குக்கு டிரைவர் எழுதியது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை, கந்தப்பளைக் கல்யாணம் ஒன்றை மடிக்கணினியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா கண்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்; கல்யாணத்துக்கு வர முடியவில்லை. திங்கட்கிழமை ஆபரேஷன். மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருந்தார்.

முதல் இடி கேட்டதும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் டிவி வயர், டிஷ் வயர், சார்ஜர் எல்லாம் கழன்றுவிடும். மின்னலில் ஒரு டிவியாவது கருகாத லயம் எங்கே இருக்கிறது? செல்வராஜ் அண்ணனும் எல்லாவற்றையும் கழற்றினார், ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து. அதில் படம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த நேரம். திரை நீலமானது. மடிக்கணினி மறுபடி எழுந்தபோது, காலையிலிருந்து வெட்டி ஒட்டிச் சேமிக்காமல் வைத்திருந்த வேலை போயிருந்தது.

“பாதுகாப்பா அகற்றுன்னு கீழே ஒண்ணு இருக்குமே அண்ணே, அதை அமுக்கிட்டுக் கழட்டக் கூடாதா?” என்று போனில் கேட்டேன்.

“இடி என்ன, நம்மகிட்ட சொல்லிட்டா தம்பி இடிக்குது?”

பிடுங்குவதே வேலை

நான் எழுதுவதைச் சோதிப்பவள் ரோசலின். சனிக்கிழமை காலையிலிருந்து, எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்குவதே அவளுக்கு வேலை. பிடுங்கினாள், நீலம். மறுபடி பிடுங்கினாள், மறுபடி நீலம். டிஸ்க் போய்விட்டது என்று கணினி அறிவித்த பிறகும் என் டிரைவர் அதற்கே தகவல் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தது. ரோசலின் டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள்.

“டிஸ்க் என் கையில இருக்கு அண்ணே. உங்க டிரைவர் இன்னும் அதுகிட்ட கதை பேசிக்கிட்டு இருக்கு.”

பந்தல்

திருத்தினேன். டிஸ்க் போன செய்தி வந்ததும் நிலுவையில் நிற்கும் வேலைகளையெல்லாம் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். புதிதாக எதையும் வாங்கக் கூடாது. செய்தேன். பிடுங்கினாள். நீலம்.

இந்த முறை தவறு என் அவசரத்தில் இருந்தது. டிஸ்க் போன கையோடு, அதற்காக ஒதுக்கிய நினைவகத்தையும் காலி செய்துவிட்டேன். வீடியோ மென்பொருளோ அந்த ஃபைலை இன்னும் மூடவில்லை. இல்லாத இடத்தில் கால் வைத்துக் கணினியையும் சேர்த்துச் சாய்த்தது. நான் விளக்கி முடிக்கும்வரை ரோசலின் பொறுமையாகக் கேட்டாள்.

“சாவு வீட்டுல கடைசி ஆள் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பந்தலைப் பிரிச்சா, யார் தலையில அண்ணே விழும்?”

ஞாயிற்றுக்கிழமை மழை

கடைசி மென்பொருள் ஃபைலை மூடும்வரை நினைவகம் அப்படியே இருக்கும்படி மாற்றி, ஞாயிறு காலை செல்வராஜ் அண்ணனுக்கு அனுப்பினேன். பிற்பகல் வானம் இருண்டது. ஹட்டனிலேயே இடி கேட்டது. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அடித்தது.

“கழட்டிட்டேன் தம்பி.”

“திரை?”

“நிக்குது. டிஸ்க்கைக் காணோம், ஒரு ஃபைல் முடியலைன்னு சொல்லுது.”

அந்த அரைகுறை ஃபைலைக் காப்பாற்ற என் டிரைவரால் முடியாது. ஆனால் அண்ணன் மறுபடி உட்கார்ந்து வெட்டி ஒட்டிய வேலை முழுதும் திரையில் உயிரோடு இருந்தது. உடனே மடிக்கணினியிலேயே சேமிக்கச் சொன்னேன்; மழை விட்டதும் டிஸ்க்கை மாட்டி மறுபடி எழுதினால் போதும் என்றேன்.

“அப்ப தப்பு என் கையில இல்ல. ரெண்டு நாளா வீட்டுல என்னையத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க.”

கண்டியில்

திங்கள் விடிந்ததும் மகளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போனில் படத்தைப் போட்டுக் காட்டினாள். அப்பா முழுதும் பார்த்தார். பிறகுதான் உள்ளே போனார். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். அவருக்குப் படம் பிடித்ததா என்று செல்வராஜ் அண்ணனிடம் கேட்டேன்.

“மூணு முடிச்சையும் பாத்து அழுதுட்டு, ‘பந்தியில என் மச்சானை இவ்வளவு நேரமா காட்டுவாங்க?’ன்னு கேட்டாராம் தம்பி.”

சொல்லாமல் பிடுங்காதீர்கள் என்று மலை முழுவதும் சொல்லித் திரிவதைவிட, பிடுங்கினாலும் விழாதபடி எழுதுவது சுலபம் என்பது, எழுதுகிறவனுக்குத்தான் கடைசியாகப் புரிகிறது.